வரைபடத்திலிருந்து நிரல் வரை: ஒரு தோல் டேனரியை மாடலாக்குவதற்கு முழுமையான வழிகாட்டி

வேலூர் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கு, மென்பொருளைப் படமாக வரையும் மொழியான யு.எம்.எல். புதிதாக இருக்காது. இறுதியாண்டு பிராஜெக்ட் ரெக்கார்டில் வகுப்பு வரைபடம், யூஸ் கேஸ் வரைபடம், சீக்வென்ஸ் வரைபடம் எல்லாம் ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலும் நிரல் எழுதி முடித்த பிறகு, சமர்ப்பிக்கும் வாரத்தில் வரைந்தவை. அப்படி வரைந்த படத்தால் யாருக்கும் பயன் இல்லை. நிரல் அடுத்த வாரமே மாறிவிடும், படம் அப்படியே கிடக்கும்.

இந்த வழிகாட்டி சொல்வது வேறு முறை. படத்தை முதலில் வரைய வேண்டும், தொழில் தெரிந்தவரை வைத்து அதைச் சரிபார்க்க வேண்டும், பிறகு நிரல் அந்தப் படத்திலிருந்தே வர வேண்டும். மாற்றம் வந்தாலும் படத்தில்தான் மாற்ற வேண்டும். மாடலை மையமாக வைத்த மென்பொருள் உருவாக்கம் என்பது இதுதான்.

உதாரணத்துக்கு நம்ம ஊர்த் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் உள்ள டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்றில், உப்பிட்ட தோல் வந்து இறங்கியதிலிருந்து வெட் புளூ (குரோமில் பதனிட்டு ஈரமாக இருக்கும் நீலத் தோல்) ஆகும் வரை ஒவ்வொரு லாட்டையும் (ஒன்றாகக் கணக்கில் வைக்கும் தோல் தொகுதி) பின்தொடரும் மென்பொருள். இது வெறும் பயிற்சிக் கணக்கு இல்லை. உடம்பில் படும் தோல் பொருட்களில், குரோமின் நச்சு வடிவமான குரோமியம் 6 ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அவற்றை விற்கக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2015 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. கழிவுநீர் விஷயத்தில், பாலாற்றுப் படுகை மாசு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு டேனரியும் கணக்கு வைத்தாக வேண்டிய நிலை. எந்த லாட், எந்த டிரம் (தோலை ரசாயனத்தோடு சுழற்றும் பெரிய பீப்பாய்), எந்தச் சோதனை, எவ்வளவு கழிவுநீர் என்ற கேள்விகளுக்குப் பதில் தெரிந்தே ஆக வேண்டும்.

எந்த வரைபட மொழி?

நீண்ட வரலாறு உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தரவின் உறவுகளைக் காட்டும் ஈ.ஆர். வரைபடத்தை பீட்டர் சென் 1976இல் முன்வைத்தார். கிராடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவர் யாக்கப்சன் மூவரும் தங்கள் தனித்தனி முறைகளை இணைத்ததில் பிறந்தது யு.எம்.எல். அதை ஓ.எம்.ஜி. என்ற தர அமைப்பு 1997இல் ஏற்றது. இன்று அதில் 14 வகை வரைபடங்கள் இருக்கின்றன. அலுவலக நடைமுறைகளுக்கு பி.பி.எம்.என்., இயந்திரமும் மென்பொருளும் கலந்த அமைப்புகளுக்கு சிஸ்எம்எல். 2001இல் ஓ.எம்.ஜி. இன்னொரு கொள்கையை வெளியிட்டது: தொழிலை விளக்கும் மாடல் தனியாக, குறிப்பிட்ட தொழில்நுட்பத்துக்கான மாடல் தனியாக இருக்கட்டும், முன்னதிலிருந்து பின்னதைக் கருவியே உருவாக்கட்டும் என்றது. எம்.டி.ஏ. என்பார்கள்.

இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் விவகாரம் என்று நினைக்க வேண்டாம். ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) பார்க்கும் எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். அவர் திரையில் பார்க்கும் லேடர் டயகிராம் ஒரு வரைபட மொழி. அதை வரைந்து ஏற்றினால் மோட்டார் அப்படியே ஓடுகிறது. படத்துக்கும் நிரலுக்கும் இடையே அங்கே இடைவெளியே கிடையாது. ஐ.இ.சி. 61131 தரத்தின் மூன்றாம் பகுதி 1993இல் வந்தபோதே லேடர், ஃபங்ஷன் பிளாக், எஸ்.எஃப்.சி. ஆகிய வரைபட மொழிகளை முறைப்படுத்திவிட்டது. கார்த் துறையில் சிமுலிங்க் என்ற வரைபடக் கருவியின் மாடலிலிருந்து சி நிரல் உருவாக்குவதும் வழக்கமாகிவிட்டது. வணிக மென்பொருள் எழுதும் நாம்தான் இதில் பின்தங்கியிருக்கிறோம்.

14 வகையையும் கற்க வேண்டியதில்லை. சிறிய குழுவுக்கு இரண்டு போதும்: எந்தெந்தப் பொருட்கள், அவற்றுக்குள் என்ன உறவு என்று காட்டும் வகுப்பு வரைபடம், ஒரு பொருள் எப்போது எந்த நிலைக்கு மாறுகிறது என்று காட்டும் நிலை வரைபடம். இரண்டில் ஒன்றுதான் என்றால் நிலை வரைபடத்தை எடுங்கள் என்பேன்.

படி 1: வாழ்க்கை உள்ள ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

முழு டேனரியையும் மாடலாக்கக் கிளம்பினால் முடியாது. காலப்போக்கில் நிலை மாறும் ஒரே ஒரு பொருளை எடுங்கள். இங்கே அது லாட். மருத்துவமனை என்றால் ஆய்வகத்துக்கு வரும் ரத்த மாதிரி, பால் கூட்டுறவுச் சங்கம் என்றால் ஒரு கேன், பஸ் டிப்போ என்றால் ஒரு டிரிப் ஷீட். ஊழியர் பட்டியல், வாடிக்கையாளர் முகவரி மாதிரியான விஷயங்களுக்கு நிலை வரைபடம் வேண்டாம். அவற்றுக்குச் சாதாரண டேபிளே போதும்.

படி 2: டிரம் பக்கத்தில் நின்று சொற்களைச் சேகரியுங்கள்

முதலாளி அறையில் உட்கார்ந்து தேவைகளை எழுதாதீர்கள். டிரம் ஓடும் இடத்துக்குப் போய் சூப்பர்வைசரிடம் கேளுங்கள். கேள்வி எப்போதும் ஒரே மாதிரி இருக்கட்டும்: "அண்ணே, இது முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

பதில் இப்படி வரும்: "நேரத்தை மட்டும் வச்சு விட மாட்டோம் தம்பி. ஒரு துண்டு வெட்டி, வெட்டின இடத்துல பினாப்தலீன் விடுவோம். ரோஸ் கலர் வந்தா இன்னும் சுண்ணாம்பு இருக்கு. வரலன்னா அடுத்ததுக்குப் போகலாம்."

இந்த ஒரு பதிலில் ஒரு நிலை, ஒரு நிகழ்வு, ஒரு நிபந்தனை மூன்றும் இருக்கின்றன. சுண்ணாம்பு நீக்கம் என்பது நிலை. சோதனை செய்தது நிகழ்வு. வெட்டு முகம் நிறம் மாறவில்லை என்பது நிபந்தனை. மூன்றையும் மூன்று பத்திகளாக நோட்டில் எழுதுங்கள். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள், புத்தகச் சொல்லைத் தேடாதீர்கள். பிறகு படத்தை அவரிடம் காட்டும்போது, அது தன்னுடைய வேலை என்று அவருக்குப் பார்த்தவுடன் புரிய வேண்டும்.

பட்டன், திரை, ரிப்போர்ட் பற்றிய பேச்சு வந்தால் தனிப் பக்கத்தில் குறித்து வையுங்கள். இப்போது அது வேண்டாம்.

படி 3: சிறிய வகுப்பு வரைபடம்

பெட்டிகள்: லாட், டிரம், சோதனை, ரசாயனப் பதிவு, கழிவுநீர்ப் பதிவு. இப்போது கோடுகளை இழுத்து, ஒவ்வொரு முனையிலும் எண் போடுங்கள். ஒரு டிரம்மில் ஒரே நேரத்தில் எத்தனை லாட்? ஒன்று என்று எழுதிவிடத் தோன்றும். சூப்பர்வைசரிடம் காட்டினால், சின்ன லாட் இரண்டைச் சேர்த்து ஒரே டிரம்மில் போடுவதும் உண்டு என்பார். அப்படியானால் ரசாயனம் லாட்டுக்குப் போடப்படவில்லை, டிரம்மில் ஏற்றிய மொத்தத்துக்குப் போடப்படுகிறது. ஆக, 'டிரம் ஏற்றம்' என்று புதிய பெட்டி ஒன்று வேண்டும். ரசாயனப் பதிவு அதனுடன் இணைய வேண்டும், லாட்டுடன் இணையக் கூடாது.

கோட்டின் முனையில் ஒரு எண் போடச் சொன்னதால் மட்டுமே இந்தக் கேள்வி எழுந்தது. வரைபட மொழியின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. காலி இடத்தை விட்டுவிட்டுத் தாண்டிப்போக அது விடுவதில்லை. நிரலில் நேரடியாகத் தொடங்கியிருந்தால், இந்த விஷயம் ஆறு மாதம் கழித்து, குரோம் கணக்கு இடிக்கும்போதுதான் வெளிவந்திருக்கும்.

இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். மாட்டுத் தோலை மேல், கீழ் என்று இரண்டாகப் பிளப்பார்கள். அதனால் லாட்டிலிருந்து லாட்டுக்கே ஒரு கோடு வேண்டும்: ஒரு தாய் லாட்டுக்குப் பல பிள்ளை லாட்டுகள். அப்புறம் எடை. ரசாயனம் எல்லாமே சதவீதத்தில் போடப்படுகிறது, ஆனால் எதன் சதவீதம் என்பது மாறிக்கொண்டே போகும். ஊறலிலும் சுண்ணாம்பிலும் உப்பிட்ட தோலின் எடை. சதை நீக்கிய பிறகு பெல்ட் எடை, அதாவது சதை நீக்கிய ஈரத் தோலின் எடை. தோலின் தடிமனைச் சீவிச் சீராக்கும் ஷேவிங்குக்குப் பிறகு ஷேவ் செய்த எடை. எனவே லாட் பெட்டிக்குள் 'எடை' என்று ஒரே ஒரு கட்டம் வைக்காதீர்கள்.

படி 4: நிலை வரைபடம்

முழு வேலையின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. முதலில் வட்டங்கள், அம்புகள் என்று காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். வரிகளாக எழுதினால் இப்படி இருக்கும்:

வரவு → ஊறல் : ஏற்று
ஊறல் → ஊறல் : சோதனை தவறு
ஊறல் → சுண்ணாம்பு : சோதனை சரி
சுண்ணாம்பு → சதைநீக்கம் : சோதனை சரி
சதைநீக்கம் → பிரிந்தது : பிரி / பிள்ளை லாட்டுகளை உருவாக்கு
சதைநீக்கம் → சுண்ணாம்புநீக்கம் : ஏற்று [பெல்ட் எடை பதிவாகியிருக்கிறது]
சுண்ணாம்புநீக்கம் → பிக்கிள் : சோதனை சரி [பினாப்தலீனுக்கு நிறம் வரவில்லை]
பிக்கிள் → குரோம் : சோதனை சரி [புரோமோகிரெசால் பச்சைக்கு வெட்டு முகம் முழுக்க மஞ்சள்]
குரோம் → வெட்புளூ : சோதனை சரி [கொதிநீரில் சுருங்கவில்லை] / செலவான குரோம் நீரின் அளவை மீட்புப் பதிவில் எழுது

பிக்கிள் என்பது குரோமுக்கு முன் தோலை உப்பும் அமிலமும் கலந்த நீரில் போடுவது. கோலனுக்குப் பின் வருவது நிகழ்வு. சதுர அடைப்புக்குள் நிபந்தனை. சாய்கோட்டுக்குப் பின் செயல். இந்த எழுத்துமுறை யு.எம்.எல்.லிலேயே இருப்பது, நாமாக ஏற்படுத்தியது இல்லை. கடைசி வரியின் செயலைப் பாருங்கள். செலவான குரோம் நீரைத் தனியாகப் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடு கொண்டு குரோமை மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறை இங்குள்ள டேனரிகளுக்குப் பழக்கமானது. அந்தப் பதிவை யாராவது ஞாபகம் வைத்துப் போட வேண்டிய அவசியமில்லை. பதிவு விழாமல் லாட் வெட் புளூ ஆகவே முடியாது.

அடுத்து நிராகரிப்பு. தோல் கெட்டுப்போனால் எந்தக் கட்டத்திலும் தள்ளிவிடலாம். ஒவ்வொரு நிலையிலிருந்தும் ஓர் அம்பு இழுத்தால் படம் சிலந்தி வலையாகிவிடும். 1980களில் கணினி அறிஞர் டேவிட் ஹாரெல், இஸ்ரேலியப் போர் விமானம் ஒன்றின் மின்னணு அமைப்பை விவரிக்க உதவியபோது சந்தித்ததும் இதே சிக்கல்தான். அதற்கு அவர் கண்ட வழி ஸ்டேட்சார்ட். 1987இல் கட்டுரையாக வந்தது, யு.எம்.எல். நிலை வரைபடம் அதன் வாரிசு. நிலைகளைச் சுற்றி ஒரு பெரிய பெட்டி போடுங்கள். அந்தப் பெட்டியின் விளிம்பிலிருந்து 'நிராகரி' என்று ஒரே ஓர் அம்பு. உள்ளே எந்த நிலையில் இருந்தாலும் அது பொருந்தும்.

மின்வெட்டு வந்தால்? பலரும் 'நிறுத்தம்' என்று இன்னொரு நிலை சேர்ப்பார்கள். கொஞ்சம் யோசியுங்கள். டிரம் நின்றாலும் உள்ளே இருக்கும் தோல் சுண்ணாம்பில்தான் கிடக்கிறது, சுண்ணாம்பு தன் வேலையை நிறுத்துவதில்லை. ஆக, நின்றது டிரம், லாட் இல்லை. லாட்டுக்கு ஒரு நிலை, டிரம்முக்கு 'ஓடுகிறது, நிற்கிறது' என்று தனியாக இன்னொரு நிலை, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஸ்டேட்சார்ட்டில் பெட்டிக்கு நடுவே புள்ளிக்கோடு இழுத்து இதைக் காட்டலாம். இப்படிப் பிரித்தால், டிரம் நின்ற நேரமும் சுண்ணாம்பில் கிடந்த மொத்த நேரமும் தனித்தனியாகக் கிடைக்கும். தரக் கட்டுப்பாட்டுக்கு இரண்டுமே வேண்டும்.

படி 5: அட்டவணை போட்டுக் காலிக் கட்டங்களைக் கேளுங்கள்

நிலைகள் 10: மேலே உள்ள ஒன்பதோடு நிராகரிப்பு. நிகழ்வுகள் 5: ஏற்று, சோதனை சரி, சோதனை தவறு, பிரி, நிராகரி. எக்செல்லில் நிலைகளைக் கீழ்நோக்கியும் நிகழ்வுகளைப் பக்கவாட்டிலும் எழுதினால் 50 கட்டங்கள். மேலே எழுதிய வரிகள் 9 கட்டங்களை நிரப்பும். நிராகரிப்பு அம்பு ஒரு பத்தியைக் கிட்டத்தட்ட முழுதாக நிரப்பும். மீதியெல்லாம் காலி.

ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கும் மூன்றில் ஒரு பதில் வேண்டும்: (1) அது நடக்கவே முடியாது, பிழை காட்டு; (2) நடக்கலாம், கண்டுகொள்ளாதே; (3) நடக்கும், அம்பை நாம் மறந்துவிட்டோம். குரோம் நிலையில் 'சோதனை தவறு' காலியாக இருக்கிறது. கொதிநீரில் துண்டு சுருங்கினால் என்ன செய்வார்கள்? பி.எச். உயர்த்தி இன்னும் ஓட விடுவார்களா, குரோம் கூடுதலாகப் போடுவார்களா? அதை அனுமதிப்பது யார்? வெட் புளூவில் 'பிரி' காலி. ஆனால் சில டேனரிகளில் வெட் புளூ ஆன பிறகுதான் பிளப்பார்கள். இந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசருடன் ஒரு மதியம் உட்காருங்கள். பல கூட்டங்களில் வராத தெளிவு அதில் வரும்.

படி 6: மாடலை எழுத்து வடிவில் வையுங்கள்

இழுத்து ஒட்டும் கருவிகளில் வரைந்த படம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் எது மாறியது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. பழைய பெரிய கருவிகள் பல குழுக்களில் கைவிடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பிளாண்ட்யுஎம்எல், மெர்மெய்ட் மாதிரியானவற்றில் மாடலை வரிகளாக எழுதினால் படத்தைக் கருவியே வரைந்து தரும். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) கருவியில் சேமிக்கலாம், வரிக்கு வரி ஒப்பிடலாம். கிட்ஹப் 2022 முதல் மெர்மெய்ட் வரைபடத்தை நேரடியாகவே காட்டுகிறது.

ஒரு நடைமுறைக் குறிப்பு: கருவிக்கு உள்ளே இருக்கும் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, திரையில் தெரியும் பெயரைத் தமிழில் கொடுங்கள். எல்லாக் கருவிகளும் தமிழ் உயிர்மெய்க் குறிகளை ஒழுங்காகக் கையாள்வதில்லை. திரையில் தமிழ் கட்டாயம் இருக்கட்டும், அதைப் படித்துத் திருத்தப்போகிறவர் டிரம் பக்கத்தில் நிற்பவர்.

படி 7: மாடலை ஓட வையுங்கள்

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மாடல் கோப்பை மென்பொருள் ஓடும்போதே படித்து அதன்படி நடப்பது. இதற்கென்றே எஸ்.சி.எக்ஸ்.எம்.எல். என்ற எழுத்துமுறையை, இணையத் தர அமைப்பான டபிள்யு3சி 2015இல் தரமாக வெளியிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதுபவர்களுக்கு எக்ஸ்ஸ்டேட் என்ற நூலகம் இருக்கிறது, பெட்டிக்குள் பெட்டி, இணை நிலைகள் எல்லாம் அதில் உண்டு. மற்றொன்று, மாடலிலிருந்து நிரலை உருவாக்குவது. அட்டவணையை ஒரு கோப்பாக வைத்து, ஜின்ஜா போன்ற டெம்ப்ளேட் கருவியால் பைத்தான் வகுப்புகளை எழுத வைக்கலாம். சிறிய குழுவுக்கு முதல் வழி எளிது. பி.எல்.சி. போல மாடல் கோப்பைப் படிக்க முடியாத இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமானால் இரண்டாவது வழிதான்.

இரண்டாவது வழியில் ஒரு விதியை மீறவே கூடாது: கருவி எழுதிய கோப்பில் கை வைக்காதீர்கள். அவசரத்துக்கு ஒரு வரி மாற்றினால், அடுத்த முறை உருவாக்கும்போது அது அழிந்துவிடும். அழிந்துவிடக் கூடாதே என்று உருவாக்குவதையே நிறுத்திவிடுவார்கள், அன்றோடு மாடல் மறுபடியும் ரெக்கார்டில் ஒட்டிய படமாகிவிடும். கையால் எழுத வேண்டியதைத் தனிக் கோப்பில், உருவான வகுப்பிலிருந்து கிளைத்த வகுப்பாக எழுதுங்கள். எடைக் கணக்கு, பிரிண்டர், எஸ்.எம்.எஸ். எல்லாம் அங்கே போகட்டும். உருவான கோப்புகளைத் தனி ஃபோல்டரில் வைத்து, ஒவ்வொரு பில்டிலும் அழித்து மறுபடி உருவாக்குங்கள். அப்படிச் செய்தால் யாருக்கும் கை வைக்கும் ஆசையே வராது.

படி 8: சோதனைகளையும் மாடலே தரட்டும்

ஒவ்வொரு அம்புக்கும் ஒரு சோதனை. பிழை என்று குறித்த ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சோதனை. நிபந்தனை உள்ள அம்புக்கு இரண்டு, நிபந்தனை நிறைவேறும்போது ஒன்று, நிறைவேறாதபோது ஒன்று. அட்டவணையிலிருந்து இவற்றை ஒரு சிறிய நிரலே எழுதிவிடும்.

படி 9: அடுத்த டேனரி வரும்போது

ஒரு டேனரிக்குச் செய்ததைக் கேள்விப்பட்டு இன்னொருவர் கூப்பிடுவார். அவர் குரோம் போடாமல் தாவரப் பதனிடல் செய்பவராக இருக்கலாம். ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று இந்தப் பகுதி நெடுங்காலம் அறிந்த முறை. ஊறலும் சுண்ணாம்பும் பெரும்பாலும் அதேதான், குரோம் வரும் இடத்தில் வேறு நிலைகள் வரும். மாடல் கோப்பை இரண்டாக உடையுங்கள்: பொதுவான முன்பகுதி, டேனரிக்கு டேனரி மாறும் பின்பகுதி. கீழே இருக்கும் நிரலில் எதையும் தொட வேண்டியிருக்காது.

மூன்று நான்கு டேனரிகள் ஆன பிறகு, எல்லாக் கோப்புகளிலும் ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். குளியல் (டிரம்மில் ஊற்றும் நீர்), எடை அடிப்படை, ரசாயனச் சதவீதம், வெட்டு முகச் சோதனை. அந்தக் கட்டத்தில் பொதுவான யு.எம்.எல்.லை விட்டுவிட்டு, டேனரிக்கென்றே ஒரு சிறு மொழி அமைக்கலாம். எக்ஸ்டெக்ஸ்ட் போன்ற எக்லிப்ஸ் கருவிகள் அதற்காகவே இருக்கின்றன. லெதர் டெக்னீஷியன் தன் செய்முறைத் தாளில் எழுதுகிற மாதிரியே எழுதுவார், நிரல் வந்துவிடும். ஆனால் முதல் டேனரியிலேயே இதைத் தொடங்காதீர்கள். எது பொதுவானது, எது அந்த ஒருவருடைய பழக்கம் என்று பிரிக்க அப்போது நமக்குத் தெரியாது.

படி 10: ஓடிக்கொண்டிருக்கும் லாட்டுகள்

மாடலை மாற்றி வெளியிடும் நாளில் டிரம்களில் லாட்டுகள் இருக்கும். பிக்கிளுக்கும் குரோமுக்கும் நடுவே புதிதாக ஒரு சோதனை நிலை சேர்த்தீர்கள் என்றால், ஏற்கெனவே குரோமில் இருக்கும் லாட்டுக்கு அந்தச் சோதனை நடந்திருக்காது. அதனால் மாடல் கோப்புக்குப் பதிப்பு எண் கொடுத்து, ஒவ்வொரு லாட்டையும் பதிவு செய்யும்போதே அந்த எண்ணையும் சேர்த்துப் பதியுங்கள். பழைய பதிப்பில் தொடங்கிய லாட் பழைய மாடல்படியே முடியட்டும், புதிதாக வந்து இறங்கும் லாட் புதிய மாடல்படி போகட்டும். பழைய பதிப்பில் ஒரு லாட்கூட மிச்சமில்லை என்று உறுதியான பிறகு அதை நிறுத்தலாம், ஆனால் கோப்பை அழிக்க வேண்டாம். இரண்டு வருடம் கழித்து வாங்கியவர் ஒரு லாட்டைப் பற்றிக் கேட்டால், அன்றைக்கு எந்த விதிப்படி அது டிரம்மை விட்டு வெளியே வந்தது என்று அந்தக் கோப்பைத் திறந்துதான் காட்ட வேண்டியிருக்கும்.